பழைய கிதாரின் கரகரப்பு

பழைய கிதாரை மீட்டும்போது இனிய ஒலியோடு கரகரப்பும் கலந்து எழுமாயின், அது கெட்டுவிட்டதெனப் பலர் மூலையில் எறிந்துவிடுவர். குறையின் இடத்தை அறிந்தால் அதனைத் தீர்ப்பது எளிது.

தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே மெல்லிய நூலைச் செருகி, ரீங்காரத்தை நாமே வருவிக்கின்றோம். அந்நூலுக்கு 'ஜீவா' என்று பெயர். அதிரும் தந்தி ஒன்றை மெல்லத் தொடும்போது இவ்வொலி பிறக்கின்றது. கிதாரிலோ அது வேண்டாத இடத்தில் பிறக்கின்றது.

முதலில் 6 தந்திகளையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டுவோம். அழுத்தாதபோது மட்டும் கரகரத்தால், கழுத்தின் உச்சிக் கட்டையில் அத்தந்திக்குரிய பள்ளம் தேய்ந்து ஆழமாகியிருக்கலாம். ஒரு மெட்டில் மட்டும் கரகரத்தால், அம்மெட்டு தேய்ந்திருக்கலாம். அல்லது குதிரைப் பக்கமாக அடுத்துள்ள மெட்டு உயர்ந்திருக்கலாம். எங்கு அழுத்தினும் கரகரப்பு மாறாவிடில், முறுக்காணியின் திருகோ உள்ளே ஒட்டிய மரச்சட்டமோ தளர்ந்திருக்கக்கூடும். பலகையை விரலால் மெல்லத் தட்டினால் அது புலப்படும்.

சபாக் போன்ற கடலோரத் தாழ்நிலங்களில் காற்றில் ஈரம் மிகுதி. ஈரத்தால் மரம் உப்பும், பசையும் நெகிழும். ஆதலால் கிதாரைச் சன்னலோரத்திலும் வெறுந்தரையிலும் வைத்தல் ஆகாது.

பழுது நீக்குங்கால் எளியவற்றையே முதலில் செய்வோம். திருகை இறுக்குவோம், புதுத் தந்தி பூட்டுவோம், விட்டுப்போன சட்டத்தை மரப்பசையால் ஒட்டுவோம். அரத்தை இறுதியிலேயே எடுத்தல் வேண்டும்; அதுவும் கைதேர்ந்தவர் துணையோடு. அராவிய மெட்டு மீண்டும் வளராது அன்றோ? காது கொடுத்துக் கேட்டபின் கை வைப்போமாக!