விளக்கு அணைந்தால் ஸ்மாக் டெஸ்ட் பாஸ் ஆகிடுமா?

கலிஃபோர்னியாவில் ஸ்மாக் டெஸ்ட் தேதி நெருங்கும்போது செக் எஞ்சின் விளக்கு எரிந்தால், பலர் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவார்கள். விளக்கு அணைஞ்சிடும். கூடவே கார் தன்னைத் தானே சோதித்து வைத்திருந்த முடிவுகளும் அழிஞ்சிடும். 2000 அல்லது அதற்குப் பிந்தைய பெட்ரோல் காரில் அந்தச் சோதனைகளில் ஒன்றுதான், பெட்ரோல் ஆவிக் கசிவுக்கானது, பாக்கி இருக்கலாம். மற்றது எது முடியாவிட்டாலும் ஃபெயில்தான். 2010 மாடல் முதல் நிரந்தர எரர் கோட் என்று ஒன்றையும் பார்க்கிறார்கள். அதை ஸ்கேனராலும் அழிக்க முடியாது.

அதனால் நான் எரர் கோட்களை அழிக்காமல் முதலில் படித்துவிடுவேன். அடிக்கடி வருவது பி0420. உடனே கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாத்தணும்பாங்க (பர்ஸ் காலி!). அந்தக் கோட் சொல்வது, கன்வெர்ட்டரின் திறன் குறைவாகத் தெரிகிறது என்பதை மட்டும்தான். புகைக்குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலே வெளிக்காற்று புகுந்து பின்பக்க ஆக்சிஜன் சென்சாரை ஏமாத்திடும். ஓட்டை இல்லையா? எஞ்சின் சூடானதும் சீரான வேகத்தில் அந்தச் சென்சாரின் வோல்டேஜைப் பாருங்கள். 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விடாமல் ஏறி இறங்கினால் கன்வெர்ட்டர்மேல் சந்தேகப்படலாம்.

ரிப்பேர் முடிந்ததும் சில நாள் ஊருக்குள்ளும் ஹைவேயிலும் ஓட்டுங்க. சோதனைகள் முடிஞ்சதா என்பதை மலிவான ஸ்கேனரே காட்டிடும்.