அம்மாவே டியூஷன் டீச்சர்!

தமிழ் மீடியத்தில் படித்த என்னைப் போன்ற அம்மாக்களுக்கு, பிள்ளைகளின் ஆங்கில இலக்கணப் புத்தகம் என்றாலே உதறல்தான். டியூஷனுக்கு அனுப்ப வசதி இல்லாததால், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு நானே சொல்லித் தருகிறேன்.

'எனக்கு ஒரு தம்பி', 'என்கிட்ட பேனா இருக்கு', 'எனக்குக் காய்ச்சல்' என்று தமிழில் விதவிதமாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் மூன்றுக்குமே 'ஐ ஹேவ்' போதும். ஐ, யூ, வீ, தே வந்தால் 'ஹேவ்'. ஹீ, ஷீ, இட் வந்தால் 'ஹேஸ்'. 'அம்மாவோட புடவை' என்பதில் வரும் 'ஓட'வுக்குப் பதில், பெயருக்குப் பக்கத்தில் மேலே ஒரு கொக்கியும் 'எஸ்'ஸும்: 'மதர்ஸ் சாரி'. 'மை' தனியாக நிற்காது, 'மை டம்ளர்' என்று பொருளையும் சொல்லணும். 'மைன்' தனியாக நிற்கும்: 'திஸ் இஸ் மைன்'.

சமைத்தபடியே, பாத்திரங்களைக் காட்டிக் கேள்வி கேட்பேன். டக்கென்று பதில் வரும். 'உனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா' என்றவள், இப்போது சந்தேகம் வந்தால் முதலில் என்னிடம்தான் ஓடி வருகிறாள். தோழிகளே, நீங்களும் முயன்று பாருங்களேன்!

- ஒரு வாசகி, தேனி.