நிலப்பட்டாவும் மானியமும்: ரப்பர் மறுநடவுத் திட்டமும் தோட்டப் பாட்டாளியும்

முன்னுரை

சிலாங்கூர் மாநிலத்தின் ரவாங் வட்டாரத்தில் முன்பு ரப்பர்த் தோட்டங்களாக விளங்கிய நிலங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறியுள்ளன. இத்தகைய தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் வறுமைக்குக் குறைந்த கூலியையும் கங்காணி முறையையுமே நாம் பெரும்பாலும் காரணங்களாகக் காட்டி வந்துள்ளோம். ரப்பர்ப் பயிருக்கு அரசு வழங்கிய மானியம் யாரைச் சென்றடைந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மறுநடவு மானியம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மலாயாவின் ரப்பர் மரங்களுள் பெரும்பகுதி முதிர்ந்து விளைச்சல் குன்றியிருந்தது. செயற்கை ரப்பரின் போட்டியும் வலுத்தது. எனவே பழைய மரங்களை அகற்றி, மிகுதியாகப் பால் தரும் இனங்களை நடுவதற்கென 1952-இல் ரப்பர் மறுநடவு நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. ஏற்றுமதியாகும் ரப்பரின் மீது தீர்வை விதித்து இந்நிதி திரட்டப்பட்டது. பெருந்தோட்டங்களுக்கும், 100 ஏக்கருக்குக் குறைவான நிலமுடைய சிறுதோட்டக்காரர்களுக்கும் நிதி தனித்தனியே பகுக்கப்பட்டது.

சிறுதோட்டக்காரருக்குத் தொடக்கத்தில் ஏக்கருக்கு 400 வெள்ளி வழங்கப்பட்டது. பின்னர் இத்தொகை உயர்த்தப்பட்டது. நிலத்தைத் திருத்துதல், கன்று நடுதல், பராமரித்தல் என ஒவ்வொரு கட்டமும் பார்வையிடப்பட்ட பின்னரே அதற்குரிய தவணை கிடைத்தது. நட்ட கன்று பால் தருவதற்கு ஏறத்தாழ ஆறேழு ஆண்டுகள் ஆகும். அக்காலத்தில் வருவாய் இழக்கும் உரிமையாளரைத் தாங்கி நிற்பதற்காகவே இம்மானியம் அமைந்தது. 1973-இல் ரிஸ்டா நிறுவப்பட்டபோது சிறுதோட்டக்காரர் மறுநடவுப் பொறுப்பு அதனிடம் வந்தது.

பாட்டாளியின் நிலை

இத்திட்டத்தால் நாட்டின் ரப்பர் உற்பத்தி பெருகியது என்பதில் ஐயமில்லை. எனினும், மானியம் பெறும் தகுதியை நிலவுடைமையே தீர்மானித்தது. தீர்வைக்குரிய ரப்பரைத் தன் உழைப்பால் விளைவித்த தோட்டப் பாட்டாளிக்கு நிலப்பட்டா இல்லை. ஆதலின் இந்நிதியில் அவருக்கு நேரடிப் பங்கும் இல்லை. இப்போக்கு மலாயாவிற்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் 2019-இல் அறிமுகமான பிரதமரின் உழவர் நிதித் திட்டமும் நிலமுடைய உழவர் குடும்பங்களுக்கே ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்குகிறது. நிலமற்ற உழவுத் தொழிலாளர் அதில் இடம்பெறவில்லை.

ரப்பருக்கு மாற்றாகச் செம்பனை பரவியபோது ஏக்கருக்குத் தேவைப்படும் ஆள்களின் எண்ணிக்கையும் குறைந்தது. 1950-களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலோ வேலையையும் லயத்து வீட்டையும் ஒருசேரப் பறித்தது. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழி விரிவாக ஆராய்ந்தார்.

இந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறுசேமிப்பைப் பங்குத் தொகையாகத் திரட்டிய இச்சங்கம், 1961-இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. பட்டா இல்லாதார் கூட்டாகப் பட்டாதாரராகும் வழியை இம்முயற்சி காட்டியது. ஆயினும் விற்பனைக்கு வந்த தோட்டங்கள் அனைத்தையும் வாங்கும் ஆற்றல் தொழிலாளரின் சேமிப்புக்கு இருக்கவில்லை.

முடிவுரை

நிலவுடைமையை ஒட்டியே உதவி அமையும் இவ்விதியைத் தமிழாசிரியர்கள் வேறொரு வடிவில் நன்கறிவர். தோட்ட நிறுவனங்களுக்குச் சொந்தமான நிலத்தில் எழுந்த தமிழ்ப்பள்ளிகள், நிலம் அரசுடைமை அன்று என்பதால், பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடித்தன. ஆசிரியருக்கு அரசு ஊதியம் வழங்கியபோதும், கட்டட மேம்பாட்டிற்கு அவை அரசுப் பள்ளிகளுக்கு இணையான உரிமை பெறவில்லை. தோட்டம் கைமாறும்போது பள்ளியின் இருப்பே கேள்விக்குறியாகிறது.

தோட்டப்புறப் புனைகதைகளைக் கற்பிக்கும்போது அவற்றில் வரும் துயரத்தை விதி என்றோ முதலாளியின் கொடுமை என்றோ மட்டும் விளக்குவது போதாது. சட்டம் யாரை உரிமையாளர் என வரையறுத்தது என்பதையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யின் இலக்கியப் பாடம் சமூக வரலாற்றுப் பாடமாகவும் பயன்தரும்.