கடந்தபின் கூடும் கூட்டம்

சுவாமிமலையில் கார்த்திகைத் திருவிழாவின்போது சுவாமி வீதியுலா வருகையில், இருமருங்கும் நின்ற ஜனங்கள் வாகனம் தம்மைக் கடந்த மாத்திரத்தில் அதன் பின்னே நெருங்கிக் கூடிவிடுவதையும், அதனால் முன்புறத்தைக் காட்டிலும் பின்புறமே கூட்டம் செறிந்திருப்பதையும் கண்டவர்களுக்கு, பால்வீதி மண்டலத்தினுள் ஒரு கருந்துளை சஞ்சரிக்கும் விதத்தை விளக்குதல் எளிது.

கருந்துளை என்றதும் அகப்பட்டதையெல்லாம் விழுங்கும் பூதத்தை நினைத்துவிடுகிறோம். தூரத்திலுள்ளவற்றுக்கு அது அதே நிறையுள்ள நட்சத்திரத்தைப் போன்றதே. அது விரைந்து செல்லும்போது அதன் ஆகர்ஷணத்தால் பாதை வளைந்த நட்சத்திரங்கள் அது கடந்துபோன வழியிலே திரள, திரண்டவை அதைப் பின்னோக்கி இழுக்க, வேகம் குன்றிய அந்தப் பாரம் காலப்போக்கில் மண்டலத்தின் மத்தியை நோக்கித் தாழ்கிறது. எதனோடும் உரசாமலே உண்டாகும் இந்த உராய்வை 1943-இல் கணித்து உரைத்தவர், தஞ்சைச் சீமையில் வேர்கொண்ட குடும்பத்தில் தோன்றி, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். வெண்குறு நட்சத்திரங்களின் நிறைக்கு அவர் வகுத்த வரம்பையே உலகம் பெரிதும் பேசுகிறது. இந்தக் கணிதமும் அதற்குச் சற்றும் இளைத்ததன்று என்பது என் துணிபு.

பாரம் இருமடங்கானால் தாழும் காலம் ஏறக்குறையப் பாதியாகும். இந்த விதிக்குக் கருந்துளையும் கரும்பொருள் திரளும் ஒருங்கே உட்பட்டவையாயினும், அவற்றின் கதி வேறுவேறு. பல லட்சம் சூரியர்களின் நிறையை மிகச் சிறிய இடத்தில் அடக்கிய கருந்துளை, வழியில் எதையும் இழப்பதில்லை. ஒளியை உமிழாமலும் மறைக்காமலும் ஆகர்ஷணத்தால் மட்டுமே தன்னை அறிவிக்கும் கரும்பொருளின் திரளோ, பஞ்சுப்பொதியைப் போல் தளர்ந்து பரந்தது. மண்டலத்தின் இழுவிசை அதன் புறப்பகுதிகளைப் பிய்த்தெடுக்க, பாரம் குறைந்து, பாரம் குறைந்ததனாலேயே தாழ்வதும் மந்தமாகி, சில திரள்கள் மத்தியை அடையுமுன்னரே சிதறிப்போகின்றன.

நம் மண்டலத்தைச் சுற்றி வரும் பெரிய மகெல்லன் மேகம் ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டு தொலைவிலுள்ளது. அதன் நிறையிற் பெரும்பங்கு கரும்பொருளே. 2021-இல் வெளியான தொலைநட்சத்திர வரைபடத்தில், அது கடந்துவந்த வழியை ஒட்டி நட்சத்திரங்கள் செறிந்து நிற்கும் தடம், சந்திரசேகரின் கணிதம் சொன்னவாறே புலப்பட்டது. 1995-இல் மறைந்த அவர் அதைக் காணவில்லை. தை மாத முன்னிரவில், மூடுபனி இல்லாவிடில், சுவாமிமலையின் அறுத்த வயல்களுக்கு அப்பால் தெற்கு அடிவானத்துக்குச் சற்றே மேலே அந்த மேகம் நிற்கும்.