ஃபேனில் மிஞ்சிய யூனிட் எங்கே போகிறது?

2026 ஜனவரி 1 முதல் ஏசிக்கான நட்சத்திர விதிகள் இறுகின. அதுவரை ஐந்து நட்சத்திரம் பெற்ற பெட்டி புதிய கணக்கில் நான்காகிவிட்டது. பழைய கணக்குப் பெட்டியை வாங்கலாமா, வாங்கினால் கரண்ட் பில் இறங்குமா என்று குலசேகரன்பட்டினம், உடன்குடி பக்கத்து வாசகர்கள் எழுதுகிறார்கள். நட்சத்திரம் இயந்திரத்தின் திறனைச் சொல்லும், வீட்டின் செலவைச் சொல்லாது. ஏசியில் ஒட்டியிருக்கும் ஆண்டு யூனிட் கணக்கு, அது வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்டது. அதாவது நாளுக்கு நாலரை மணி நேரம்கூட இல்லை. கடலோரப் புழுக்கத்தில் விடியவிடிய ஓட்டுகிற வீட்டுக்கு அந்த எண் உதவாது. அரசு அறிவிக்கும் 'மிச்சம்' என்பதையும் இதே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 2015இல் தொடங்கிய உஜாலா திட்டம் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகளை வழங்கி, ஆண்டுக்குச் சுமார் 4,800 கோடி யூனிட் மிச்சப்படுத்துவதாகச் சொல்கிறது. பல்பு இத்தனை மணி நேரம் எரியும் என்ற ஊகத்தை வைத்துப் பெருக்கி வந்த தொகை அது. வீடு வீடாக மீட்டரில் அளந்ததல்ல.

மிஞ்சிய யூனிட் எங்கே போகிறது என்பதை தமிழ்நாட்டின் மின்கட்டண அமைப்பே காட்டிக்கொடுக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம் (2024இல் விலை சற்று ஏறியது, அமைப்பு மாறவில்லை). இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. ஐந்நூறைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான பாதி விலைச் சலுகை போய்விடுவதால், அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். இப்போது 540 யூனிட் ஓடும் ஒரு வீட்டில், நாளுக்குப் பத்து மணி நேரம் சுற்றும் மூன்று 75 வாட் ஃபேன்களை எடுத்துவிட்டு 30 வாட் பிஎல்டிசி ஃபேன்களை மாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 81 யூனிட் குறைந்து ரீடிங் 459 ஆகும். பில் 2,270இலிருந்து 1,479க்கு இறங்கும். இதைவிட நல்ல வெகுமதி இல்லை. ஆனால் அதே பில் அந்த வீட்டுக்கு இன்னொன்றும் சொல்கிறது: ஐந்நூறுக்கு இன்னும் 41 யூனிட் இடமிருக்கிறது. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசியைத் தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்ட அது தாராளம். செலவு 246 ரூபாய்தான். மிச்சத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடும். வீட்டுக்காரர் தவறு எதுவும் செய்யவில்லை; மின்வாரியம் கோடு கிழித்த இடம்வரை நடக்கிறார். சிக்கனத்துக்காகப் போட்ட கோடு, அதுவரை செலவழிக்கலாம் என்ற அனுமதியாகவும் வேலை செய்வதுதான் என்னை உறுத்துகிறது.

இந்த மீள்விளைவு புதிதல்ல. நீராவி இயந்திரம் திறன் கூடக்கூட நிலக்கரிச் செலவு குறையாமல் ஏறுகிறது என்று 1865இலேயே ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவன்ஸ் எழுதினார். மெக்சிகோவில் 2009 முதல் பழைய ஃப்ரிட்ஜ், ஏசிகளை மாற்ற அரசு மானியம் கொடுத்தது. பின்னர் மின் பில்களை வைத்து ஆராய்ந்தபோது, ஃப்ரிட்ஜ் மாற்றிய வீடுகளில் எதிர்பார்த்ததில் கால்பங்குதான் மிச்சம். ஏசி மாற்றிய வீடுகளில் மின்செலவு கூடியிருந்தது. அப்படியானால் திறன் வீணா என்று கேட்கலாம். இல்லை. ஃபேன் ஏற்கெனவே இரவெல்லாம் சுற்றுகிறது. திறன் கூடியதற்காக யாரும் பகலில் நாலு ஃபேனைச் சேர்த்துப் போடுவதில்லை. ஃபேனிலும் பல்பிலும் வரும் மிச்சம் பெரும்பாலும் மெய்யானது. ஏசியின் கதை வேறு. இன்னும் குளிர வேண்டும் என்ற தேவை தீராமல் கிடக்கிறது. வெக்கையில் தூங்க முடியாத குடும்பம் ஒரு மணி நேரம் கூடுதலாகக் குளிர்வது நல்லதுதானே என்பது இன்னும் வலுவான மறுப்பு. முழுக்க ஏற்கிறேன். ஆனால் அதை மக்கள் பெற்ற சுகமாகக் கணக்கில் எழுதுங்கள். எரியாத நிலக்கரியாக எழுதாதீர்கள். பக்கத்துக் கல்லாமொழியில் 1,320 மெகாவாட் உடன்குடி அனல்மின் நிலையத்தைக் கட்டிக்கொண்டே, நட்சத்திரங்களால் மின்தேவை இறங்கும் என்று சொல்வது ஒட்டவில்லை.

மீதிக் கேள்விகள். பழைய கணக்கில் ஐந்து நட்சத்திரம் பெற்ற ஏசியை வாங்கலாமா? விலை குறைந்தால் வாங்கலாம். பெட்டியின் திறன் ஒரே இரவில் மாறாது. முதலில் எதை மாற்றுவது? அதிக நேரம் சுற்றும் ஃபேனை. 24 டிகிரியில் வைத்தால் போதுமா? கதவிடுக்கையும் அடைத்தால் போதும். பில் இறங்கியதா என்று எப்படிப் பார்ப்பது? போன வருடம் இதே இரண்டு மாத ரீடிங்கோடு ஒப்பிடுங்கள், ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டை மட்டும்.