பனி மூடும் பள்ளத்தாக்கும் மணிக்கூட்டுக் கமக்காரரும்

சில வாரங்களுக்கு முன் உயர்தர வகுப்பில் ஐரோப்பிய மலைவாழ் மக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் நிலமெல்லாம் உறைபனி மூடிக் கிடக்கும் என்று சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். கமக்காரர் வீட்டுப் பிள்ளை. "சேர், ஆறு மாசம் தோட்டத்தில இறங்கேலாது எண்டால் அந்தச் சனம் என்னத்தைச் செய்து சீவிக்கும்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கேள்வி. ஆனால் மணி அடித்துவிட்டது. அவனுக்கு அன்று சொல்ல முடியாமற்போன விடையையே இங்கு எழுதுகிறேன்.

சுவிட்சர்லாந்தின் மேற்கெல்லையில், பிரான்சு நாட்டை ஒட்டி, ஜூரா என்னும் மலைத்தொடர் கிடக்கிறது. அல்ப்ஸ் மலையைப்போல் வானைக் குத்தும் சிகரங்கள் இதற்கு இல்லை. நீண்டு மடிந்த முதுகுகளும் அவற்றிடையே நீண்ட பள்ளங்களுமே இதன் உருவம். அப்பள்ளங்களுள் ஒன்று ஜூ பள்ளத்தாக்கு. வோ மாநிலத்தைச் சேர்ந்தது. பள்ளம் என்று சொன்னாலும் அதன் தரையே கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் உயரத்தில் உள்ளது. நடுவே ஏறக்குறைய ஒன்பது கிலோ மீற்றர் நீளமான ஓர் ஏரி. அந்த ஏரியிலிருந்து ஆறு எதுவும் மேலே ஓடி வெளியேறுவதில்லை. நீர் சுண்ணக்கற் பிளவுகளுக்குள் இறங்கி மறைந்து, மலைக்கு அப்பால் வலோர்ப் என்னும் ஊருக்கருகே ஊற்றாகப் பொங்குகிறது. சுண்ணக்கல் நிலத்தின் போக்கு யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. நிலாவரைக் கிணற்றடியில் நின்று வியந்தவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

இப்பள்ளத்தாக்கில் 12ஆம் நூற்றாண்டிலே துறவியர் மடம் ஒன்று எழுந்தது. பின்னர்க் குடிகள் காடழித்துக் குடியேறினர். நெல்லோ கோதுமையோ செழிக்கும் இடமன்று. கோடை குறுகியது, புல் மாத்திரம் நன்றாக வளரும். ஆகவே மாடு வளர்த்தனர். மாடு ஒன்றால் வயிறு நிரம்பாது என்று கண்டபோது மரத்தை எரித்துக் கரியாக்கினர், இரும்பு உருக்கினர், கத்தி செய்தனர், இரத்தினக் கற்களைப் பட்டை தீட்டினர். லே ஷார்போனியேர் என்னும் சிற்றூரின் பெயரே கரி சுட்டோரை நினைவூட்டுவது. ஆகவே மணிக்கூட்டுத் தொழில் வந்தபோது அங்கு வெறுங்கையோடு எவரும் இருக்கவில்லை. நுண்ணிய உலோக வேலை பழகிய விரல்கள் காத்திருந்தன.

1740ஆம் ஆண்டளவில் சாமுவேல் ஒலிவியே மெலான் என்பவர் வெளியூரில் மணிக்கூட்டு வேலை கற்றுத் திரும்பித் தம் பள்ளத்தாக்கில் அதனைத் தொடங்கினார் என்பர். அவரிடமும் அவருக்குப் பின் வந்தோரிடமும் பயின்றவர்கள் கமக்காரரே. இங்குதான் மாணவனின் கேள்விக்கு விடை தொடங்குகிறது.

பனிக்காலத்து வீடு ஒன்றை மனக்கண்ணிற் காணுங்கள். கீழ்த்தளத்தில் மாடுகள். அவற்றின் உடற்சூடும் மேலே ஏறி வீட்டை ஓரளவு வெப்பமாக வைக்கிறது. மேலே ஒரு நீண்ட அறை. அதன் சுவரில் வரிசையாகச் சாளரங்கள். அவ்வீடுகளைப் படத்திற் பார்ப்பவர், கமக்காரனுக்கு ஏன் இத்தனை சாளரம் என்று கேட்கக்கூடும். காற்றுக்காக அன்று, வெளிச்சத்துக்காக. வெளியே கிடக்கும் பனியில் பட்டுத் தெறிக்கும் வெண்ணொளி அந்த வேலைக்கு மிகவும் உகந்தது. சாளரத்தை ஒட்டிய பலகையில் தந்தையும் பிள்ளைகளும் அமர்ந்து, ஒருவர் பற்சக்கரம் வெட்ட, ஒருவர் அச்சாணி கடைய, ஒருவர் மெருகிட, பொழுது போகும். கோடையில் புல்லறுத்த அதே கை பனிக்காலத்தில் மயிரிழை போன்ற திருகாணியைப் பிடிக்கும். உருக்குத் துண்டுக்கு இறுதி மெருகு ஏற்றுவதற்கு அவர்கள் பயன்படுத்திய பொருள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: மேய்ச்சல் நிலத்தில் வளரும் ஜென்சியன் என்னும் மூலிகைச் செடியின் காய்ந்த தண்டு. வேரிலிருந்து மதுவடித்தார்கள், தண்டினால் மணிக்கூட்டுக்கு மெருகிட்டார்கள். இன்றும் தேர்ந்த கைவினைஞர் சிலர் அத்தண்டையே நாடுகின்றனர்.

பனி கரைந்ததும் அவ்வாண்டின் வேலையைச் சுமந்துகொண்டு மலை கடந்து ஜெனீவா நகருக்குச் செல்வர். அங்குள்ள வணிகர் உள்ளியந்திரத்தை வாங்கி, பொற்கூட்டில் அடைத்து, முகப்பிலே தம் பெயரைப் பொறித்து விற்பர். பல தலைமுறைகளாக இப்படியே நடந்தது. வேலை ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது என்பது நாமும் அறியாததன்று. இன்று உலகப் புகழ் பெற்ற பாட்டெக் பிலிப் நிறுவனத்தின் பழைய மணிக்கூடுகள் பலவற்றின் உள்ளியந்திரமும் 20ஆம் நூற்றாண்டின் முதற் பகுதியில் இப்பள்ளத்தாக்கிலிருந்தே சென்றது.

அந்த நிலையை மாற்றத் தொடங்கியவர்களுள் ஒருவர் அந்துவான் லெகூல்த். கொல்லுப்பட்டறைக் குடும்பத்தில் 1803இற் பிறந்தவர். 1833இல் லெ சாந்தியே என்னும் ஊரிலே பட்டறை தொடங்கினார். 1844இல் அவர் ஆக்கிய அளவுகருவி, ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறாக்கினால் வரும் ஒரு கூற்றையும் அளந்து காட்டியது. அளக்க முடிந்தாலன்றோ ஒரே அளவிற் பல செய்ய முடியும்! 1866இல் அவரும் மகனும், வீடுவீடாகச் சிதறிக் கிடந்த தொழில்களை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தனர். சாளரத்தடியில் இருந்த கமக்காரன் தொழிற்சாலைக்கு நடக்கத் தொடங்கினான். 1875இல் அயலூரான லெ பிரசூவில் ஓதுமார், பிகே என்னும் இரு இளைஞர் கூட்டுச் சேர்ந்தனர். அவர்கள் தொடங்கிய நிறுவனம் இன்றும் அக்குடும்பத்தாரின் கையிலேயே இருக்கிறது. தொழிற்சாலை வந்தது நன்மையா என்று கேட்டால், வருமானம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. பிள்ளை தந்தையின் அருகிருந்து கற்ற கல்வி குறைந்தது என்பதும் உண்மை. அதனை ஈடுசெய்ய லெ சாந்தியேயில் தொழிற்பள்ளி ஒன்றை அமைத்தனர்.

லெகூல்த் பட்டறையின் வழிவந்த நிறுவனத்துக்கும் நம் பகுதிக்கும் ஒரு சிறு தொடர்புண்டு. இந்தியாவிலிருந்த பிரித்தானிய அதிகாரிகள் குதிரைமீதேறிப் போலோ ஆடுகையில் கோல் பட்டு மணிக்கூட்டுக் கண்ணாடி உடைந்துவிடுகிறது என்று முறையிட்டார்களாம். அதற்கென 1931இல் பிறந்ததே முகத்தைப் பின்புறமாகத் திருப்பி வைக்கக்கூடிய மணிக்கூடு.

பள்ளத்தாக்கின் வாழ்வு மணிக்கூடு மாத்திரமன்று. பனிக்காலத்தில் ஏரி உறைந்து கட்டியாகிவிடும். 1879 முதல் அந்தப் பனிக்கட்டியையே வெட்டிக் களஞ்சியத்தில் அடைத்து விற்றனர். 1886இல் வலோர்ப்பிலிருந்து ஏரிக்கரைக்குப் புகையிரதப் பாதை வந்தபின் பாரிஸ் நகரத்து உணவுச்சாலைகள் வரை ஜூ ஏரியின் கட்டி சென்றது. குளிரூட்டும் இயந்திரம் பரவியதும் அவ்வணிகம் கரைந்து போயிற்று. எல்லையோரமாகப் பரந்து கிடக்கும் றிசூ காட்டில் வளரும் ஊசியிலை மரம், குளிரில் மிகமிக மெல்ல வளர்வதால் வளையங்கள் நெருங்கியது. அதில் தேர்ந்த சில மரங்கள் வயலின், கிற்றார் முதலிய இசைக்கருவிகளுக்குப் பலகையாகின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அக்காட்டு வழியே இரவிரவாக அகதிகளை எல்லை கடத்திக் காப்பாற்றிய ஊரவர் கதையைத் தனியே எழுத வேண்டும்.

பாற்கட்டியைப் பற்றி இங்கேயே சொல்லியாக வேண்டும். கோடையில் மாடுகள் மலைமேல் மேயும்போது பால் பெருகும். பெரிய சக்கரம்போன்ற பாற்கட்டி செய்யலாம். மாடு வீடு திரும்பியபின் பால் குறையும். அந்தக் குறைந்த பாலுக்கென்று கண்டதே வஷரான் மோன் தோர் என்னும் மென்மையான சிறு பாற்கட்டி. குழைந்து வழியக்கூடியதாகையால் ஊசியிலை மரத்தின் உட்பட்டையை நாடாவாக உரித்து அதைச் சுற்றிக் கட்டுவர், பெட்டியும் அம்மரமே. பட்டை நாடா உரிப்பதென்றே தனித் தொழிலாளர் இருக்கின்றனர். இப்பாற்கட்டியால் 1983 முதல் 1987 வரை பெருந்துன்பம் நேர்ந்தது. லிஸ்டீரியா என்னும் நோய்க்கிருமி அதிற் கலந்து, அப்பகுதியில் 30 பேருக்கு மேல் மாண்டனர். கருவுற்ற பெண்களையும் முதியோரையும் அது கூடுதலாகத் தாக்கியது. காரணம் கண்டறியப்பட்டதும் 1987 கார்த்திகையில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பாட்டன் காலத்து நிலவறைகளும் மரப்பலகைகளும் துப்புரவு செய்யப்பட்டன, பல அகற்றப்பட்டன, பாலைச் சூடாக்கும் முறை மாறியது. வாங்குவோர் அஞ்சி ஒதுங்கிய ஒன்றை மீண்டும் கடைக்குக் கொண்டுவர ஆண்டுகள் பிடித்தன. 2003இல் அதன் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. மரபு என்று சொல்லி எதையும் கழுவாமல் விட்டுவிடக்கூடாது என்பதை அம்மக்கள் மிகுந்த விலை கொடுத்தே அறிந்தனர்.

அதற்கு முன்பே மற்றோர் இடி விழுந்திருந்தது. 1969 மார்கழியில் ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் குவாட்ஸ் கைமணிக்கூட்டை வெளியிட்டது. மின்கலமும் படிகத் துண்டும் கொண்ட அக்கருவி, எந்தக் கைவினைஞனும் செய்யமுடியாத அளவுக்குப் பிசகாமல் ஓடியது. விலையும் விரைவில் வீழ்ந்தது. 1970இல் சுவிட்சர்லாந்து முழுவதிலும் மணிக்கூட்டுத் தொழிலில் ஏறக்குறைய 90,000 பேர் இருந்தனர். 1980களின் நடுப்பகுதியில் 30,000 சொச்சம் பேரே எஞ்சினர். ஜூ பள்ளத்தாக்கிலும் பட்டறைகள் மூடின. நுட்பமான பழைய இயந்திரங்கள் இரும்பு விலைக்குப் போயின. இளையோர் கீழே நகரங்களுக்கு இறங்கினர். நாற்பது வயதில், தன் கைக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றுக்கு உலகில் தேவையில்லை என்று கேள்விப்படும் ஒரு மனிதனை நினைத்துப் பார்க்கிறேன். ஆசிரியத் தொழிலில் இருப்பவருக்கு அந்த அச்சம் இந்நாளில் முற்றிலும் அந்நியமன்று.

அவர்கள் எழுந்த விதம் விந்தையானது. மலிவிலும் துல்லியத்திலும் போட்டியிடவில்லை; அதில் வெல்ல முடியாது என்று கண்டுகொண்டனர். 1972இலேயே ஓதுமார் பிகே நிறுவனம் வெறும் உருக்கிலே ஒரு மணிக்கூடு செய்து, பொன் மணிக்கூட்டை விட உயர்ந்த விலை வைத்தது. நகைத்தவர் பலர். பின்னர், நேரம் பார்ப்பதற்கென்று இல்லாமல் கைவினையைப் போற்றுவதற்கென்றே பொறிமணிக்கூடு வாங்கும் செல்வர் உலகெங்கும் பெருகினர். லெ சோலியா என்னும் சிற்றூரிலே பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் பட்டறை வைத்த பிலிப் துபூர், தன்னந்தனியராக இழைத்த மணிக்கூடுகளுக்கு ஏலத்தில் ஒரு வீட்டின் விலை கிடைத்தது. 2020இல் யுனெஸ்கோ நிறுவனம், சுவிட்சர்லாந்தும் பிரான்சும் சேர்ந்து விண்ணப்பித்தபடி, ஜூரா மலைப் பகுதியின் இப்பொறிவினையை மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது.

ஆயினும் ஒரு குறை எனக்குப் படுகிறது. ஏறக்குறைய 7,000 பேர் வாழும் பள்ளத்தாக்கில் அவ்வளவு பேருக்கும் மேலாக வேலை இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் பிரான்சிலிருந்து மலைவழியே கார்களில் வந்து மாலையில் திரும்புகின்றனர். வீட்டு வாடகை ஏறுகிறது. முன்னோர் மாடும் மரமும் இரும்பும் கட்டியுமாகப் பல கயிற்றைப் பிடித்திருந்தனர். இவர்களோ பெரும்பாலும் ஒரே கயிற்றில் தொங்குகின்றனர். 2025 ஆவணியில் அமெரிக்கா சுவிஸ் பொருள்களுக்கு 39 சதவீத இறக்குமதி வரி விதித்தபோது அக்கயிறு எப்படி ஆடியது என்பதைச் செய்தித்தாளிற் கண்டோம். அவ்வாண்டு முடியுமுன்னே அதனை 15 சதவீதமாகக் குறைக்க உடன்பாடு கண்டனர் என்பது வேறு.

இவற்றையெல்லாம் மறுவாரம் வகுப்பிலே சுருக்கிச் சொன்னேன். மாணவர் மனத்தைக் கவர்ந்தது விலையன்று. நிரந்தர நாட்காட்டி என்னும் பொறி. மாதத்துக்கு 30 நாளா 31 நாளா, மாசியில் 28ஆ 29ஆ என்பதை ஒரு சிறு பற்சக்கரம் நினைவில் வைத்திருக்கும். 48 மாதங்களுக்கும் ஏற்றபடி அதன் விளிம்பு வெட்டப்பட்டிருக்கும்; நான்காண்டுக்கு ஒருமுறை அது முழுச்சுற்றுச் சுற்றிவரும். கரும்பலகையில் வரைந்து காட்டினேன். "அப்ப அதுக்குப் பிழையே வராதோ?" என்று கேட்டான் அதே பையன். வரும். 2100ஆம் ஆண்டு நான்கால் வகுபடும், ஆனால் லீப் ஆண்டன்று. பொறிக்கு அது தெரியாது. அவ்வாண்டு மாசி 28ஆம் நாளுக்குப் பின் அது 29 என்றே காட்டும். பங்குனி முதலாம் நாள் எவரேனும் ஒருவர் கையால் ஒரு நாள் தள்ளிவைக்க வேண்டும்.

பையன் விரல்விட்டு எண்ணினான். அன்று தனக்கு வயது தொண்ணூற்றிரண்டாகும் என்றான். மணிக்கூடு ஒன்று தன்னிடம் இருந்தால் தானே தள்ளி வைப்பானாம்.