தொட்டது பதிவானதா? தொடுபலகையின் பதிலை அறிவோம்

வீட்டில் பைபேப் போன்ற மூச்சு உதவிக் கருவியைப் பயன்படுத்துவோரின் உறவினர்கள் எங்களிடம் கேட்கும் ஐயம் ஒன்று உண்டு: "பட்டனைத் தொட்டேன், வேலை செய்ததா என்று தெரியவில்லை. மறுபடியும் தொடலாமா?" எளிய கேள்விதான். ஆயினும், ஒருமுறை தொட்டால் இயங்கி, மறுமுறை தொட்டால் நின்றுவிடும் கருவிகள் உள்ளன. அவற்றில் ஐயத்தால் நிகழும் இரண்டாம் தொடுகை, சிகிச்சையையே நிறுத்திவிடக்கூடும்.

பழைய பொத்தான் அழுத்தினால் உள்ளிறங்கும்; 'டிக்' என ஒலிக்கும். விரலுக்கே விடை கிடைத்துவிடும். தொடுபலகையில் அசையும் பகுதி எதுவும் இல்லை. இடுக்குகள் இல்லாததால் துடைத்துத் தூய்மை செய்வது எளிது. பரப்பின் அடியிலுள்ள மெல்லிய மின்முனை சிறு மின்புலத்தை உண்டாக்குகிறது. நீரும் உப்பும் நிறைந்த நம் விரல் மின்சாரத்தைக் கடத்தும் தன்மையது. அது நெருங்கியதும் மின்தேக்குத்திறன் சற்றே மாறுகிறது. உள்ளிருக்கும் சில்லு அம்மாற்றத்தைத் தொடுகையாகக் கொள்கிறது. எனவே ஓங்கி அழுத்துவதால் பயனில்லை. நீர்த்துளிகளும் தடித்த கையுறைகளும் பலகையைத் தடுமாறச் செய்யலாம்.

விரல் இழந்த அந்த விடையை ஈடுசெய்யவே ஒளி, ஒலி, அதிர்வு ஆகியவை சேர்க்கப்படுகின்றன. ஏறத்தாழ 0.1 விநாடிக்குள் வரும் பதிலை நாம் உடனடியானதாக உணர்கிறோம். அது தாமதித்தால் கை தானே மீண்டும் தொடச் செல்கிறது.

எல்லாப் பதில்களும் எல்லாரையும் எட்டுவதில்லை. நீண்டகால நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டால் அதிர்வுணர்வு முதலில் பாதங்களிலும், பின்னர் கைகளிலும் குறையலாம். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பாதத்தில் வைத்து நாங்கள் சோதிப்பது இதை அறியவே. முதுமையில் கீச்சொலிகள் முதலில் கேட்காமற்போகின்றன. கண்புரை உள்ளவருக்குச் சிறு விளக்கு தெளிவாகத் தெரியாது. ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் பதில் தரும் கருவியே நன்று.

வீடு திரும்புமுன் நோயாளியே தம் கையால் கருவியை இயக்கிப் பார்க்கட்டும். விளக்கைக் குறைத்தும் ஒருமுறை பார்க்கட்டும். ஒலியளவையும் திரையொளியையும் மாற்றும் வசதி இருந்தால் அவருக்கேற்ப அமைத்துத் தரச் சொல்லுங்கள். விரலை ஈரமின்றித் துடைத்து, ஒருமுறை தொட்டு, எடுத்துவிட்டுக் காத்திருங்கள். துடைக்கும் துணியும் தொடுகையாகப் பதிவாகலாம். ஆதலால் கருவியை நிறுத்திய பின்னரே பலகையைத் துடையுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். 'பீப்' ஒலி, தொடுகை பதிவாகிவிட்டது என்றே சொல்கிறது. சிகிச்சை தொடங்கிவிட்டது என்று சொல்வதில்லை. திரையைப் பாருங்கள், முகக்கவசத்தில் காற்று வருகிறதா எனக் கையால் உணருங்கள். கருவி இயங்காதபோது கவசம் முகத்தில் இருக்கக் கூடாது. வெளிவிட்ட காற்றையே மீண்டும் உள்ளிழுக்க நேரிடும். ஐயம் எழுந்தால் கவசத்தைக் கழற்றிவிட்டு எங்களை அழையுங்கள். எந்த நேரமாயினும் தயங்க வேண்டாம்.